சங்குப்பட்டினத்தின் நூறாவது பெயர்

சங்குப்பட்டினத்தில் புகழ்பெற்றவர்களுக்குத் தட்டுப்பாடு வரும் என்று யாரும் நினைத்ததில்லை. துறைமுகம் உள்ள ஊர். தெருவுக்கு ஒரு வள்ளல், பள்ளிக்கூடத்துக்கு ஒரு கல்வித்தந்தை, டீக்கடைக்கு ஒரு முன்னாள் கால்பந்து வீரர் என்று அங்கே புகழ் எப்போதும் கைவசம் இருந்தது. இருந்தும், நகராட்சியின் நூற்றைம்பதாவது ஆண்டுக்காகக் கடற்கரையில் ஒரு கருங்கல் சுவர் எழுப்பி, ஊரின் நூறு புகழாளர்களின் பெயரை அதில் செதுக்குவது என்று தீர்மானமானபோது ஆள் போதவில்லை.

காரணம், விதி நான்கு. சங்குப்பட்டினம் புகழாளர் பேரவையின் தலைவர் முனைவர் காசிராஜன் அதைத் தம் கைப்பட எழுதினார். 'சுவரில் இடம்பெறுவோர் இந்நகர எல்லைக்குள் பிறந்தவராக இருத்தல் வேண்டும். பிறப்புப் பதிவேட்டின் சான்று நகல் இணைக்கப்படல் வேண்டும்.' படித்தால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அது உதயகுமார் என்ற ஒரே ஒரு மனிதருக்காக எழுதப்பட்ட விதி. உதயகுமார் அருப்புக்கோட்டைக்காரர். இருபது வயதில் சங்குப்பட்டினத்துக்குப் போய்ப் பாத்திரக்கடை வைத்தவர். பேரவைத் தேர்தலில் காசிராஜனை எதிர்த்து நின்று பதினோரு ஓட்டில் தோற்றவர். அவர் பெயர் கல்லில் வந்துவிடக் கூடாது என்பதுதான் விதியின் உட்பொருள். உட்பொருளை விதியில் எழுதும் வழக்கம் இல்லை.

செயலாளர் சண்முகவடிவு ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை. எதையும் விதிப்படி செய்வார். நூற்று முப்பத்தேழு பேரின் பட்டியலை எடுத்துக்கொண்டு பதிவேடுகளோடு உட்கார்ந்தவர் எட்டாம் நாள் தலைவரிடம் வந்து, "ஐயா, நம்மிடம் மிச்சம் இருப்பது ஒன்பது பேர்தான்" என்றார்.

விஷயம் எளிது. நம் பக்கத்தில் தலைப்பிரசவம் என்றால் தாய்வீட்டில்தான். சங்குப்பட்டினத்துப் பெரிய குடும்பங்கள் மூன்று தலைமுறையாகப் பெண் எடுத்தது அருப்புக்கோட்டை, பந்தல்குடி, நரிக்குடிப் பக்கம். வளைகாப்பு முடிந்த கையோடு மருமகள்களெல்லாம் பஸ் ஏறி எங்கள் கரிசல்காட்டுக்கு வந்து பெற்றார்கள். ஆகையால் அந்த ஊரின் மூத்த பிள்ளைகள் ஒருவர்கூட அந்த ஊரில் பிறக்கவில்லை. பெயர் வாங்கியதெல்லாம் மூத்த பிள்ளைகள். கப்பல் வாங்கிய அண்ணன் பட்டியலுக்கு வெளியே போனார். அந்தக் கப்பலை விற்றுச் சீட்டாடிய தம்பி உள்ளே வந்தார்.

தலைவர் எங்கே பிறந்தார் என்று சண்முகவடிவு பார்க்கவில்லை. தலைவரின் ஆவணங்களைத் தலைவரே சரிபார்த்துச் சான்றளிக்க வேண்டும் என்பது விதி ஆறு. அவர் சான்றளித்திருந்தார்.

"விதியைக் கொஞ்சம் தளர்த்தலாமே" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். தளர்த்தினால் உதயகுமார் நுழைந்துவிடுவார் என்று தலைவர் சொல்லவில்லை. "கொள்கை" என்று மட்டும் சொன்னார். பிறகு சற்று யோசித்து வழியும் அவரே சொன்னார். "இதுவரை புகழ்பெற்றவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் இங்கே பிறந்தார்களா என்று தேடினோம். இனி இங்கே பிறந்தவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுக்குப் புகழ் தேடுவோம். முதலில் பிறப்பு, பிறகு புகழ். இதுதானே இயற்கையான வரிசை?"

அங்கே பிறந்தவர்கள் யார் என்று பார்த்தால், சங்குப்பட்டினத்திலிருந்து எங்கள் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களின் தலைப்பிள்ளைகள். மூன்றாம் மாதமே துணியில் சுற்றி எங்கள் ஊர்களுக்குத் தூக்கிவரப்பட்டவர்கள். பேரவையின் கார் ஆறு மாதம் எங்கள் செம்மண்ணிலும் கரிசலிலும் அலைந்தது. வீரசோழனில் ஒரு தையல்காரர் 'ஆடை வடிவியல் அறிஞர்' ஆனார். நரிக்குடியில் பஸ் ஸ்டாண்டில் சீட்டி அடிக்கும் ஒருவர் 'போக்குவரத்துச் சிந்தனையாளர்' ஆனார். இப்படித் தொண்ணூற்றொன்பது சேர்ந்தது. நூறாவது பெயருக்காகக் கார் எம்.ரெட்டியபட்டிக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்தப் பெயர் பிச்சையம்மாள்.

பிச்சையம்மாளின் தாய் சங்குப்பட்டினத்தில் உப்பளக்காரர் வீட்டுப் பெண். பிச்சையம்மாள் பிறந்தது அந்த ஊரின் பிரசவ ஆஸ்பத்திரியில், அறுபத்து நாலாம் வருஷம் ஐப்பசி மழையில். வளர்ந்தது, பருத்தி எடுத்தது, கல்யாணம் கட்டியது, புருஷனைப் பறிகொடுத்தது எல்லாம் எம்.ரெட்டியபட்டியில். இப்போது முழங்கால் வளையவில்லை, பருத்திக்காட்டு வேலைக்குக் கூப்பிடுவதில்லை. நாலு ஆடு இருக்கிறது. மகள் சுமதி அருப்புக்கோட்டையில் செல்போன் கடையில் பில் போடுகிறாள், அவளுக்கு அவள் குடும்பம்.

முதியோர் பென்சனுக்கு ஒரு வருஷமாக நடந்துகொண்டிருந்தார் பிச்சையம்மாள். ஆதார் அட்டைதான் தடை. முகாமில் பதிந்தவர் வயதைக் கேட்க நேரமில்லாமல் ஆளைப் பார்த்து ஒரு வருஷத்தைப் போட்டுவிட்டார், அதுவும் முழுதாகப் பார்க்காமல். அட்டையின்படி அவருக்கு நாற்பத்து மூன்று வயது. மகள் சுமதிக்கு முப்பத்தொன்பது. நாலு வயதில் பிள்ளை பெற்றவர் என்று அரசாங்கக் கணக்கில் இருப்பதைப் பற்றி அந்த அம்மாவுக்கு வருத்தம் இல்லை, பென்சன் கிடைக்காததுதான் வருத்தம். பிறந்த ஊரிலிருந்து சான்று வாங்கி வாருங்கள் என்று தாலுகா ஆபீசில் சொன்னார்கள். சங்குப்பட்டினத்துக்கு எழுதிக் கேட்டால், எந்த வருஷம், எந்தப் புத்தகம், எத்தனையாவது வரிசை என்று சொன்னால் தருகிறோம் என்று பதில் வந்தது. பிறக்கும்போது அந்த அம்மா அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

இந்த நிலையில்தான் சண்முகவடிவு காரைவிட்டு இறங்கி, பையிலிருந்து அந்தத் தாளையே எடுத்தார். புத்தகம், பக்கம், வரிசை, முத்திரை எல்லாம் இருந்தது. ஞாயிறு என்பதால் வீட்டுக்கு வந்திருந்த சுமதி வாங்கிப் படித்துவிட்டு, "எம்மா, ஒன் வயசுதாம்மா. அறுபத்தி நாலுன்னு போட்டிருக்கு" என்றாள்.

பிச்சையம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தாளுக்காக நீட்டினார். சண்முகவடிவு அதைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தார். "இது பேரவை ஆவணம்மா. விழா மேடையில சிறப்பு விருந்தினர் கையாலதான் வழங்கணும். அதுக்கு முன்னாடி நீங்க புகழ்பெற்றவரா இருக்கணும்."

"இருந்துட்டாப் போச்சு" என்றார் பிச்சையம்மாள். "என்ன செய்யணும்னு சொல்லுத்தா."

படிவம் வந்தது. சண்முகவடிவு பேனாவைத் திறந்தார்.

"எந்தத் துறையில புகழ்பெற்றவங்க?"

"தொறையெல்லாம் இல்லத்தா. நாலு ஆடு கெடக்கு, மேய்க்கேன்."

'கால்நடை மேலாண்மை' என்று எழுதினார்.

"ஆராய்ச்சி ஏதாவது?"

"மழ பேஞ்சா கம்மாய்க்கு அங்கிட்டுப் பத்துவேன். பேயலைன்னா ரோட்டுக்கு இங்கிட்டு."

'மழைப்பொழிவும் மேய்ச்சல் நகர்வும்: நீண்டகாலக் கள ஆய்வு.'

"வெளிமாநிலத் தொடர்பு?"

"கறிக்கடைக்குக் கேரளாவுக்கு வாங்கிட்டுப் போனாக ஒரு தடவ, ரெண்டு கெடாய."

'அண்டை மாநிலங்களிலும் இவரது பணி உணரப்பட்டுள்ளது.' எழுதி முடித்த சண்முகவடிவு கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மனசாட்சி உண்டு. ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

புகழ் உண்மைதானா என்று உள்ளூரில் கணக்கெடுக்க வேண்டும் என்பது விதி ஏழு. எம்.ரெட்டியபட்டி பஸ் ஸ்டாப்பில் நாற்பது பேரிடம், "பிச்சையம்மாளைத் தெரியுமா?" என்று கேட்டார்கள். நாற்பது பேரும் தெரியும் என்றார்கள். பால்ச்சாமி என்ற, உளுந்து விதைத்த சம்சாரி மட்டும், "தெரியாம என்ன? அவுக ஆடு எங்க உளுந்தக் காலி பண்ணுனத மறக்க முடியுமா?" என்று விரிவாகப் பதில் சொன்னார். நூற்றுக்கு நூறு. இதே கேள்வியைச் சங்குப்பட்டினத்தில் கப்பல் முதலாளியைப் பற்றிக் கேட்டபோது நூற்றுக்குப் பதினொன்றுதான் வந்தது என்று பேரவைக் குறிப்பில் இருக்கிறது.

விழாவுக்கு முந்தின நாளே வரச்சொன்னார்கள். 'புகழ் ஏற்புப் பயிற்சி' இருந்தது. சால்வை விழும்போது எப்படிக் குனிவது, கேடயத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது, கைதட்டும்போது எங்கே பார்ப்பது என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். கடைசி ஒரு மணி நேரம் தன்னடக்கம்.

"உங்களைப் பாராட்டினதும் என்ன சொல்வீங்க?"

"நான் ஒண்ணுமே செய்யலய்யா" என்றார் பிச்சையம்மாள்.

பயிற்சியாளர் மகிழ்ந்துபோனார். "பிரமாதம். ஆனா அவ்வளவு சீக்கிரம் சொல்லக் கூடாது. பாராட்டு முடியட்டும். ரெண்டு மூச்சு விட்டுச் சொல்லுங்க. சொல்றப்போ நம்பாத மாதிரி சொல்லணும்."

"நெசமாவே செய்யலய்யா."

"அதேதான். அந்தக் குரல்தான்."

வந்தது வந்தோம், கடலை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமா என்று சுமதி கேட்டாள். அவளும் பார்த்ததில்லை. பயிற்சியாளர் நிகழ்ச்சி நிரலை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "கடல் இதில் இல்லையே" என்றார். மண்டபத்தின் பின்னால் ஏதோ இரைந்துகொண்டே இருந்தது. ஜெனரேட்டர் என்று நினைத்துக்கொண்டார் பிச்சையம்மாள்.

மறுநாள் விழாவில் தலைவர் காசிராஜன் ஐம்பது நிமிஷம் பேசினார். நூறாவது பெயருக்கு வந்தபோது குரலை இறக்கினார்.

"பெரியோர்களே, சாதனை செய்து புகழ்பெறுவது எளிது. யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். எதுவும் செய்யாத ஒருவருக்குப் புகழ் கிடைக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு பேரவை வேண்டியிருக்கிறது. இந்த அம்மையாரை அறுபத்தோரு ஆண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாமும் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருந்ததில் நம் பேரவையின் பங்குதான் பெரிது. இந்தப் பெருமையை நான் எவருக்கும் விட்டுத்தர மாட்டேன்."

கைதட்டல் எழுந்தது. பிச்சையம்மாள் கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, சொல்லிக்கொடுத்தபடி இரண்டு மூச்சு விட்டு, "அந்தப் பேப்பரக் குடுத்தீகன்னா மூணு மணி பஸ்ஸுக்குப் போயிருவோம்" என்றார். இவ்வளவு பெரிய தன்னடக்கத்தை அந்த மண்டபம் கண்டதில்லை. எழுந்து நின்று தட்டினார்கள்.

தாள் கிடைத்தது. சால்வையும் கேடயமும் 'பன்னாட்டுக் கால்நடை அறிஞர்' என்ற பாராட்டிதழும் கூடவே கிடைத்தன. பஸ்ஸில் அந்தத் தாளை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் சீட்டுக்கு அடியில் வைத்தார். அந்த ஒரு வருஷத்தில் அன்றுதான் அவர் பஸ்ஸில் கண்ணயர்ந்ததாக சுமதி சொன்னாள்.

தாலுகா ஆபீசில் எழுத்தர் ரத்தினம் நல்ல மனிதர். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வயசு சரியா இருக்கும்மா. அட்டைய இத வச்சே திருத்திறலாம்" என்றார். பிறகு பெயரை இன்னொரு முறை படித்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து போன வாரப் பேப்பரை எடுத்தார். அதில் பிச்சையம்மாள் சால்வையோடு நின்றார்.

"அம்மா, இது நீங்கதான?"

"நாந்தான்."

ரத்தினம் சங்கடத்தோடு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "ஆதரவில்லாத முதியோருக்குள்ள பென்சன்மா இது. பன்னாட்டு அறிஞருக்கு நான் எப்படி எழுதுவேன்? ஆடிட்டுல என்னைய எழுதிருவாக."

"அது அவுகளா எழுதுனது சார்" என்றாள் சுமதி.

"அப்ப அவுகளையே எழுதித் தரச் சொல்லும்மா. இவுக புகழ்பெற்றவுக இல்லன்னு ஒரு தாள். அதுவும் வேணும், இந்தப் பெறந்த தாளும் வேணும். ரெண்டும் இருந்தா நாளைக்கே மேல அனுப்பிருவேன்."

மறுபடி மூன்று மணி நேரம் பஸ். பேரவை அலுவலகத்தில் சண்முகவடிவு மனுவைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். புகழை நீக்குவதற்கு ஒரே வழிதான் உண்டு, விதி ஒன்பது. அவர் இந்நகரில் பிறக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் பெயர் நீங்கும், ஆனால் பிறப்புத் தாளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அதாவது இங்கே பிறந்தவர் என்றால் வயது உண்டு, பென்சன் இல்லை. பிறக்கவில்லை என்றால் புகழ் போய்விடும், கூடவே வயதும் போய்விடும். "ஏதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுங்கம்மா" என்றார். அவருக்கே அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இவ்வளவு நாளில் அவர் வெட்கப்பட்டு நான் கேள்விப்பட்டது அப்போதுதான்.

அன்று பேரவையின் கூட்டம். சண்முகவடிவு விதிப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, எந்த விதியிலும் இல்லாத ஒரு காரியம் செய்தார். பிச்சையம்மாளைக் கையைப் பிடித்துக் கூட்ட அறைக்குள் அழைத்துப்போய் உட்காரவைத்தார்.

தலைவரும் பதினான்கு உறுப்பினர்களும் இருந்தார்கள். பிச்சையம்மாளுக்கு முழங்கால் வலி, பஸ் அலுப்பு, வீட்டில் ஆடு வேறு பசியோடு கட்டிக்கிடந்தது. ஆனாலும் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஐயா, எங்காத்தா பேறுகாலத்துக்கு வந்த வீடு இந்த ஊரு. மூணு மாசம் இருந்தேன், போயிட்டேன். மூணு மாசம் இருந்த எடத்தச் சொந்த ஊருன்னு சொல்ல முடியுமா? அப்பன் ஊருதான ஊரு."

"அம்மையாரே, பிறந்த மண்ணே ஒருவரின் அடையாளம்" என்றார் காசிராஜன். "பிறப்பு நிகழ்ந்த இடத்தை எவராலும் மாற்றிக்கொள்ள இயலாது. நம் விதியின் உயிர்மூச்சே அதுதான்."

"சரிங்கய்யா." பிச்சையம்மாள் முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஐயா மூத்த புள்ளையா, எளைய புள்ளையா?"

"மூத்தவன்."

"ஐயாவோட அம்மா எந்தூருப் பக்கம்?"

குறிப்பு எழுதிக்கொண்டிருந்த சண்முகவடிவின் பேனா நின்றது. தலைவர் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தபிறகு, மைக் இல்லாத ஒரு சின்னக் குரலில், "அருப்புக்கோட்டை" என்றார்.

"அப்ப நம்ம பக்கந்தான்" என்றார் பிச்சையம்மாள். அவர் அதை உறவு கொண்டாடித்தான் சொன்னார். பதினான்கு உறுப்பினர்களும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினான்கு பேரும் மூத்த பிள்ளைகள்.

விதி நான்கு திருத்தப்பட நான்கு நிமிஷம் ஆயிற்று. 'தாய்வீட்டில் நிகழும் பிரசவம், தந்தையின் ஊரில் நிகழ்ந்ததாகவே கொள்ளப்படும். பதிவேட்டு நகல் அவரவரிடமே இருக்கலாம்.' முன்மொழிந்தவர் தலைவர். "விதி மனிதனுக்காகத்தானே தவிர, மனிதன் விதிக்காக அல்ல. இதை நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருகிறேன்" என்றார். கப்பல் வாங்கிய அண்ணன் உள்ளே வந்தார். பிச்சையம்மாள் தாளோடு வெளியே போனார். தலைவர் மறுபடி பிறந்தார், இம்முறை சங்குப்பட்டினத்தில். உதயகுமாருக்கு அப்பா ஊரும் அருப்புக்கோட்டை என்பதால் அவர் வெளியிலேயே இருந்தார். கொள்கைக்கு ஒரு குறைவும் வரவில்லை.

கல்லில் செதுக்கிய பெயர்களை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. புதுக் கல் வாங்க மனசில்லாமல், பலகைகளைத் திருப்பிவைத்துப் பின்பக்கம் செதுக்கிவிட்டார்கள். ஊரைப் பார்த்து இப்போது தலைவரின் பெயர் முதலாவதாக இருக்கிறது. வீரசோழன் தையல்காரரும் நரிக்குடி சீட்டிக்காரரும் பிச்சையம்மாளும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். படகில் திரும்புகிறவர்கள் மட்டும் அவர்களைப் படிக்கலாம்.

கூட்டம் முடிந்த அன்றே சண்முகவடிவு தாம் கையெழுத்திட்டு ஒரு சான்று கொடுத்தார். பேரவையின் வரலாற்றில் அப்படி ஒன்று கொடுத்ததில்லை என்பதால் மாதிரிப் படிவம் கிடையாது. அதனால் அவர் பிச்சையம்மாளை எதிரில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதினார். பிறகு, நிகழ்ச்சி நிரல் எதுவும் இல்லாததால், தாயையும் மகளையும் அவரே மண்டபத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கடலைக் காட்டினார். பிச்சையம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணியும் உப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் ரத்தினம் அந்தச் சான்றை வாய்விட்டுப் படித்தார். "எம்.ரெட்டியபட்டி, காலஞ்சென்ற சின்னக்கருப்பன் மகள் பிச்சையம்மாள், வயது அறுபத்தொன்று, தொழில் ஆடு மேய்த்தல், ஆடுகள் நான்கு, முழங்கால் வலி உண்டு, வேறு வருமானம் இல்லை. இவர் எத்துறையிலும் புகழ்பெற்றவர் அல்லர் என்று சான்றளிக்கப்படுகிறது."

படித்துவிட்டு, பழைய கோப்பில் இருந்த தாள்களோடு ஒத்துப்பார்த்தார். ரேஷன் கார்டில் தகப்பன் பெயர் தப்பு. ஆதாரில் வயது தப்பு. வாக்காளர் அட்டையில் ஆணென்று இருந்தது. பாராட்டிதழைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"இது ஒண்ணுலதாம்மா எல்லாம் சரியா இருக்கு" என்றார் ரத்தினம், கோப்பில் அதை மேலே வைத்துக் கட்டியபடி.

இரண்டு மாதத்தில் பென்சன் உத்தரவு வந்தது. கேடயம் ஆட்டுத் தண்ணீர்ப் பானைக்கு மூடியாகிவிட்டது, அளவு கச்சிதமாகப் பொருந்தியது. சால்வையைச் சுமதி எடுத்துக்கொண்டாள். பன்னாட்டுப் பாராட்டிதழைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று அவள் கேட்டதற்குப் பிச்சையம்மாள் வேண்டாம் என்றுவிட்டார்.

"அந்தம்மா கடைசியா எழுதிக் குடுத்துச்சுல்ல, அதுல ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாடி. அத மாட்டுவோம். என்னையப் பத்தி எழுதுனது அது ஒண்ணுதான்."